திரையின் அடியில் ஓடும் திருச்சொல்

கடந்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை முடிந்தபின், திருவாரூரில் நண்பர் ஒருவரின் இல்லக் கூடத்தில் பதினைந்து பேர் கூடியிருந்தோம். வெள்ளையடித்த சுவரே திரை. இத்தாலிய இயக்குநர் பசோலினி 1964-இல் படைத்த ‘மத்தேயு நற்செய்தி’ என்னும் கறுப்பு வெள்ளைப் படம் ஓடியது. பழைய டிவிடி தட்டிலிருந்து அதைக் கணினிக் கோப்பாக மாற்றி, அடியில் தமிழ் வரிகள் ஓடுமாறு நாமே அமைத்திருந்தோம். பல வாரங்களின் உழைப்பு அது.

தொடக்கத்தில் குறையேதும் தெரியவில்லை. திருமுழுக்குக் காட்சியில் வரிகள் சற்றே பின்தங்கின. மலைப்பொழிவின்போது படத்தை நிறுத்தி, வரிகளை முன்னே இழுத்துச் சரிசெய்தோம். ஆனால் அவை மீண்டும் பின்தங்கலாயின. படம் கல்வாரியை அடைந்தபோது, சொற்கள் ஏறக்குறைய மூன்று நிமிடங்கள் பின்னே நின்றன. வாசிக்கத் தெரியாத பாட்டி ஒருவருக்கு அவருடைய பேரன் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். பாட்டி அவனை இடைமறித்தார்: “ஏண்டா, ஆண்டவரு அங்க சிலுவையில தொங்குறாரு. பிலாத்து இன்னும் என்னடா விசாரணை பண்ணிக்கிட்டு இருக்கான்?”

கூடம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கலைப்படைப்பின் உச்சக் கணத்தில், அதன் உடலையும் சொல்லையும் நாமே பிரித்துவிட்டோம் என்ற உறுத்தல் அன்றிரவு முழுவதும் நீங்கவில்லை. அந்த உறுத்தலின் விளைவே இக்கட்டுரை. டிவிடி தட்டுகளைக் கோப்புகளாக மாற்றுவது இயந்திரத்தின் வேலை என்று பலரும் எண்ணுகிறோம். அஃது இலக்கியத் திறனாய்வின் வேலையும் ஆகும் என்பதே நம் கருத்து.

ஏடும் தட்டும்

நண்பரிடம் இருந்தவை ஏறத்தாழ அறுபது தட்டுகள். ஐரோப்பாவில் பணியாற்றிய உறவினர் ஒருவர் ஆண்டுதோறும் கொணர்ந்தவை. அவற்றின் தேர்வுக்கு ஓர் அடிப்படை உண்டு. திரைப்படக்கலை நூறாண்டை நிறைவுசெய்த 1995-இல், சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை குறிப்பிடத்தக்க 45 திரைப்படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. சமயம், நன்னெறி, கலை என்னும் மூன்று பிரிவுகள். பிரிவுக்குப் பதினைந்து படங்கள். டிரையரின் ‘ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்’, தார்க்கோவ்ஸ்கியின் ‘ஆந்திரேய் ரூப்ளேவ்’, கேப்ரியல் ஆக்சலின் ‘பாபெட்டின் விருந்து’, பசோலினியின் இந்தப் படம் ஆகியவை சமயப் பிரிவில் இடம்பெற்றன. அப்பிரிவின் பெரும்பாலான படங்கள் ஆங்கிலத்தில் எடுக்கப்படாதவை. பிரெஞ்சும் இத்தாலியமும் தேனிய மொழியும் உருசிய மொழியும் பேசுபவை. எனவே, அடிவரி இன்றி நம் மக்கள் அவற்றை நெருங்கவே இயலாது.

இத்தட்டுகள் நெடுங்காலம் நில்லா. டிவிடி விற்பனைக்கு வந்தது 1996-இல், ஜப்பானில். நம் நாட்டில் மோசர் பேயர் நிறுவனம் 2007-ஆம் ஆண்டளவில் திரைப்படத் தட்டுகளை 28 ரூபாய்க்கும் 34 ரூபாய்க்கும் விற்றபோது, சிற்றூர்ப் பெட்டிக்கடைகளிலும் அவை தொங்கின. அந்நிறுவனம் 2018-இல் கலைப்புக்கு உள்ளாயிற்று. அமெரிக்காவில் அஞ்சல்வழித் தட்டுகளை வாடகைக்கு அனுப்பிவந்த நெட்பிளிக்ஸ் 2023 செப்டம்பரில் அப்பணியை நிறுத்திக்கொண்டது. இன்று வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் தட்டைச் செருகும் வாயே இல்லை. தட்டு நலமாக இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி மறைந்துவருகிறது.

தட்டும் நலமாக இருப்பதில்லை. ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரு நெகிழித் தகடுகளின் ஒட்டு. இடையே அலுமினியப் படலம். ஓரத்தின் ஒட்டு விட்டுப்போனால் ஈரம் நுழைந்து படலத்தை அரிக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் நனைத்தெடுக்கும் காவிரிப் படுகையில் ஈரத்திற்கு என்ன குறை? 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பகுதியில் கரைகடந்த கஜா புயல், திருவாரூர் மாவட்டத்தையும் பல நாட்கள் இருளில் ஆழ்த்தியது. நண்பரின் அலமாரியும் அப்போது நனைந்தது. சில தட்டுகளின் ஓரத்தில் பூஞ்சை படர்ந்ததை அவர் பின்னர்தான் கண்டார். வசம்பும் வேப்பிலையும் ஓலைச்சுவடியைக் காத்தன. தட்டைக் காக்க அத்தகைய மருந்து எதையும் நம் முன்னோர் விட்டுச்செல்லவில்லை.

ஆயினும் இச்சிக்கல் இம்மண்ணுக்குப் புதிதன்று. ஓலை சிதையும் முன் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுதுவதே இங்குக் கல்வியாக இருந்தது. உத்தமதானபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட உ.வே. சாமிநாதையர் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஒரே சுவடியை நம்பாமல் பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டார். பிரதி எடுப்பது கையின் தொழில். எது சரியான பாடம் என்று தீர்மானிப்பது அறிவின் தொழில். டிவிடியைக் கோப்பாக்குவோர் பெரும்பாலும் முதலாவதுடன் நின்றுவிடுகின்றனர். அந்த வெள்ளிக்கிழமை நாமும் அங்கேதான் நின்றிருந்தோம்.

நமக்கு நேர்ந்த பிழை எளியது. நம் தட்டு ஐரோப்பியப் பதிப்பு. அதில் ஆங்கில அடிவரி இல்லை. ஆகவே, அமெரிக்கப் பதிப்பு ஒன்றின் அடிவரிகளை எடுத்துத் தமிழாக்கினோம். திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. ஐரோப்பிய முறைத் தட்டு அதனை 25 சட்டங்களாக விரைந்து ஓட்டும். 137 நிமிடப் படம் அதனால் 131 நிமிடங்களில் முடிந்துவிடும். ஓட்டத்தில் ஒவ்வொரு 24 நிமிடத்திற்கும் வரிகள் ஒரு நிமிடம் பின்தங்கும். இந்தக் கணக்கை அறிந்து, ஒவ்வொரு வரியின் நேரத்தையும் அதே விகிதத்தில் சுருக்கினால் போதும். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்கள் அதனை ஒரு நொடியில் செய்துவிடும். நாம் விகிதத்தைத் திருத்தவில்லை, வரிகளை இடம்பெயர்த்தோம். நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்திட்டோம்.

உருவமாக உறைந்த சொற்கள்

டிவிடியின் அடிவரிகளைப் பற்றிப் பலர் அறியாத உண்மை ஒன்று உண்டு. அவை எழுத்துகளாகப் பதியப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வரியும் ஒரு சிறு படமாகவே அங்கு உறைந்திருக்கிறது. கணினி அதைப் பார்க்குமேயன்றிப் படிக்காது. படத்தை எழுத்தாக்கும் மென்பொருள் கொண்டு அதனைப் படிக்கச்செய்ய வேண்டும். அங்கே பிழைகள் புகுகின்றன. ஆங்கிலத்தில் பெரிய ‘ஐ’ எழுத்தும் சிறிய ‘எல்’ எழுத்தும் ஒன்றுபோல் தோன்றுவதால் இயந்திரம் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும். தமிழ் வரிகளாயின் ‘ர’கரமும் காலும் மயங்கும், ‘ஔ’ என்னும் ஓரெழுத்து ‘ஒள’ என ஈரெழுத்தாகும்.

இதுவும் நமக்குப் பழங்கதையே. ஓலையில் புள்ளியிடும் வழக்கம் குறைவு. காலும் ரகரமும் ஒரே வடிவில் நின்றன. எகர ஒகரங்களின் குறில் நெடிலும் வேறுபடவில்லை. அவற்றை வேறுபடுத்தி எழுதும் சீர்திருத்தத்தை நமக்குத் தந்தவர் என்று போற்றப்படுபவர், ‘தேம்பாவணி’ பாடிய வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அத்துறவி தமிழ் எழுத்தின் மயக்கம் தீர்க்க முயன்றார். இன்று இத்தாலியப் படம் ஒன்றின் சொல்லைத் தமிழில் இறக்க முயலும் நாம், எழுத்துப்பிழை மலிந்த கோப்பை ‘இது போதும்’ என்று விட்டுவிடலாமா?

கோப்பாக மாற்றும்போது இரு வழிகள் உள்ளன. அடிவரியைப் படத்தோடு பிரிக்கவொண்ணாதபடி பொறித்துவிடுவது ஒன்று. படத்தை ஒரு கோப்பாகவும், நேரக்குறிப்புடன் கூடிய வரிகளைத் தனி எழுத்துக்கோப்பாகவும் வைத்து, காட்டும்போது சேர்ப்பது மற்றொன்று. முன்னது எளிது, எக்கருவியிலும் ஓடும். ஆயினும் நாம் பின்னதையே பரிந்துரைப்போம். பொறித்த சொல்லைத் திருத்த இயலாது. தனிக்கோப்பையோ அடுத்த தலைமுறையில் நம்மினும் வல்லவர் ஒருவர் திருத்தலாம். மூலமும் உரையும் தனித்தனியே நிற்பதுதான் தமிழ் மரபு. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை உண்டு, மணக்குடவர் உரையும் உண்டு. எவரும் தம் உரையைக் குறளோடு கரைத்துவிடவில்லை.

படத்தையும் மேலும் சுருக்காமல், தட்டில் உள்ளவாறே எடுத்துவைப்பது நன்று. ஒற்றை அடுக்குத் தட்டு 4.7 கிகாபைட், இரட்டை அடுக்குத் தட்டு 8.5 கிகாபைட் கொள்ளும். அறுபது தட்டுகளும் முழுமையாக நிறைந்திருந்தாலும் ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டில் அவை பாதியளவே. இடச் சிக்கனத்திற்காக டிரையர் படம்பிடித்த முகங்களின் நுண்மையைக் குறைக்க வேண்டிய தேவையே இல்லை. வரிகளை ஒருங்குறியில் சேமிப்பதும் இன்றியமையாதது. ஒருகாலத்தில் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பங்கு மலர்கள் பல, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் இன்று பொருளற்ற குறிகளாகவே திறக்கின்றன.

நீ, நீர், நீங்கள்

இனி மொழிக்கு வருவோம். பசோலினி மார்க்சியர், திருச்சபையோடு பிணங்கியவர். 1962-இல் அசிசியில் தங்கியிருந்தபோது கையில் கிட்டிய நற்செய்தியை வாசித்து அதிலேயே ஆழ்ந்தார். தாம் எடுத்த படத்தைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பரின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார். படத்தின் உரையாடலுக்கு மத்தேயுவின் சொற்களையே கொண்டார். காட்சிகளை முன்பின்னாக மாற்றினார், சிலவற்றை விட்டார், ஆயின் தம் சொல்லைப் புகுத்தவில்லை. தலைப்பிலும் ‘புனித’ என்னும் அடையை அவர் சேர்க்கவில்லை. ஆங்கிலத்தில் வெளியிட்டோர் அதைச் சேர்த்துவிட்டனர். படைப்பாளி வேண்டுமென்றே விட்ட ஒரு சொல்லைப் பக்தியின் பெயரால் ஒட்டுவதும் சிதைவே. மொழிபெயர்ப்பின் குற்றம் முதல் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

அந்த ஆங்கில வரிகளை இயந்திர மொழிபெயர்ப்பு கொண்டு நாம் தமிழாக்கியபோது நேர்ந்ததைக் கேளுங்கள். பிலாத்து இயேசுவிடம் ‘நீங்கள்’ என்றான். இயேசு சாத்தானிடமும் ‘நீங்கள்’ என்றார். பேதுரு வேலைக்காரப் பெண்ணிடம் ‘நீங்கள்’ என்றார். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல்தான். தமிழிலோ நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள். யார் யாரை எப்படி விளிக்கிறார் என்பதில் நம் மொழியில் அதிகாரமும் அன்பும் அவமதிப்பும் வெளிப்படுகின்றன. தன்முன் நிற்கும் கைதியைப் பிலாத்து ‘நீ’ என்பானா, ‘நீர்’ என்பானா? அந்த ஓரெழுத்தில், ஆளுநனுக்கு அக்கைதியிடம் தோன்றிய தயக்கத்தை நாம் காட்டவும் கூடும், மறைக்கவும் கூடும். தொழுநோயாளி ஆண்டவரிடம் பேசும்போதும், கெத்சமனியில் மகன் தந்தையிடம் பேசும்போதும் இதே கேள்வி எழும். இத்தகைய முடிவுகளை இயந்திரம் எடுக்கவில்லை. எல்லாரையும் மரியாதைக்குரிய அயலார் ஆக்கிவிட்டது.

விடை அருகிலேயே இருந்தது. திருப்பீடம் அப்பட்டியலை வெளியிட்ட அதே 1995-இல்தான், கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து உருவாக்கிய ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. திருப்பலியில் நம் மக்கள் செவியுறும் சொற்கள் அவை. பசோலினி தம் நாட்டு மக்கள் அறிந்த நற்செய்தியின் சொற்களையே பேசவைத்தார் எனில், நாமும் நம் மக்கள் அறிந்த நற்செய்தியையே அடியில் ஓடவிட வேண்டும். ஆங்கிலம் என்னும் இடைத்தரகர் தேவையில்லை. நாம் இரண்டாம் முறை செய்தது அதுவே. மத்தேயுவின் அதிகாரங்களைத் திறந்துவைத்து, படம் செல்லும் வரிசையில் வசனங்களைத் தேடி அமைத்தோம்.

அங்கேயும் ஒரு முட்டுக்கட்டை. அடிவரி இரண்டு வரிகளுக்கு மேல் போகலாகாது. தமிழ்ச் சொற்கள் நீண்டவை. வேற்றுமையும் காலமும் இடமும் ஒரே சொல்லில் ஒட்டி நிற்பவை. திரையில் இயேசு விரைந்து பேசுகிறார். முழு வசனத்தை இட்டால் படித்து முடிப்பதற்குள் மறைந்துவிடும். சுருக்க வேண்டும். ஆனால் திருநூலைச் சுருக்க நாம் யார்? நெடுநேரம் விவாதித்தபின் ஒரு நெறி வகுத்துக்கொண்டோம். விடலாம், மாற்றலாகாது. ‘என்று அவர்களிடம் கூறினார்’ போன்ற எடுத்துரைப்புகளைத் திரையே காட்டிவிடுவதால் அவற்றை விட்டோம். அடுக்கி வரும் சொற்களில், பொருள் கெடாத இடத்தில் ஒன்றை விட்டோம். எஞ்சியவற்றில் நம் சொல் ஒன்றையும் நுழைக்கவில்லை. சில இடங்களில் விடவும் மனமின்றி வசனத்தை முழுதாக வைத்தோம். அங்கே வாசிப்போர் திணறுவர் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இதன் மறுபக்கத்தையும் எண்ணிப்பார்த்தல் நலம். தமிழ்த் திரைப்படம் சொல்லை அரியணையில் ஏற்றிய ஒன்று. திருவாரூரில் பள்ளிப் பருவத்தைக் கழித்து, 1942-இல் இங்கேயே ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாகத் தொடங்கிய மு. கருணாநிதி, 1952-இல் ‘பராசக்தி’க்கு எழுதிய உரையாடல் மக்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்த உரைநடை. அதன் நீதிமன்றக் காட்சியை வேற்றுமொழி அடிவரியோடு காண நேர்ந்தால் அயலாருக்குக் கிட்டுவது என்ன? வாதம் கிட்டும், செய்தி கிட்டும், மோனையும் அடுக்கும் தொனியும் கிட்டா. சிவாஜி கணேசனின் குரல் உயர்ந்து தாழ்வதைக் கேட்டு, ஏதோ பெரியதொன்று நிகழ்கிறது என்று உணர்வர். எது என்று அறியார். நம் மொழிக்கு நேரும் இவ்விழப்பை உணர்ந்தவர்கள், பிறமொழிப் படைப்புகளிடம் நாமும் இரக்கமும் பணிவும் காட்டுவதன்றோ முறை!

மௌனத்திற்கு வரி உண்டோ?

‘மத்தேயு நற்செய்தி’ சொல்லின்றித் தொடங்குகிறது. கருவுற்ற மரியாவின் முகம், யோசேப்பின் முகம். இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நிற்கின்றனர். ஒருவரும் பேசவில்லை. யோசேப்பு திரும்பி நடந்து, களைத்துப் படுத்தபின்னரே வானதூதரின் சொல் வருகிறது. அடிவரி எழுதுவோர் கற்க வேண்டிய முதல் பாடம் இது: எழுதாதிருத்தல். முதல் முறை நாம் அங்கே, பார்ப்போருக்குப் புரியாமற் போகுமோ என்று அஞ்சி, ‘யோசேப்பு ஐயுறுகிறார்’ என்று ஒரு விளக்கவரி சேர்த்திருந்தோம். இரண்டாம் முறை அதை நீக்கினோம். அந்த முகத்தைப் பார்த்தறியாதவர்க்கு நம் வரி ஒன்றையும் சொல்லிவிடப் போவதில்லை.

மலைப்பொழிவுக் காட்சி இதற்கு எதிர்முனை. இயேசுவின் முகம் ஒன்றே திரையை நிறைக்கிறது. ஒளி மாறுகிறது, பின்புலம் மாறுகிறது, சொல் நிற்பதில்லை. பார்வையாளரின் கண் முகத்திற்கும் வரிக்கும் இடையே அலைகிறது. வாசித்தால் முகத்தை இழப்பர். முகத்தைக் கண்டால் சொல்லை இழப்பர். ஆனால் நம் இறைமக்களுக்கு இங்கே ஓர் அனுகூலம் உண்டு. பேறுபெற்றோர் யார் என்பதை அவர்கள் நெஞ்சில் சுமந்தே வந்திருக்கிறார்கள். முதற்சொல்லைக் கண்டதுமே எஞ்சியது அவர்களுக்குள் ஒலிக்கும். நற்செய்தியை அறிந்த மக்களுக்கு அடிவரி என்பது நினைவூட்டல் மட்டுமே. அவர்கள் முகத்தைப் பார்க்கலாம்.

டிரையரின் ஜோன் இதற்கு வேறொரு சான்று. 1928-இல் வெளிவந்த அப்பேசாப் படத்தின் மூலச் சுருள் தீயில் அழிந்தது. பல்லாண்டுகள் சிதைந்த பிரதிகளே உலவின. 1981-இல் நார்வேயின் ஓஸ்லோ அருகே மனநல மருத்துவமனை ஒன்றில் பழுதற்ற பிரதி கிடைத்தது. அதில் இடையிடையே வந்த எழுத்துப் பலகைகள் தேனிய மொழியில் இருந்தன. 1431-ஆம் ஆண்டு விசாரணைப் பதிவுகளிலிருந்து பிறந்த சொற்கள், வேற்றுமொழியில் காத்திருந்து, பின்னர் பிரெஞ்சுக்குத் திரும்பின. சொல் பெயர்ந்து பெயர்ந்து வாழ்ந்தது. முகத்திற்குப் பெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. இதனோடு ஒப்பிட, 1931-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ இன்று நம்மிடம் இல்லை. முகமும் போயிற்று, குரலும் போயிற்று. காப்போர் இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையில்லை.

எழுத்து எட்டாதவர்க்கு

அடிவரி யாருக்காக? காது கேளாத சகோதரர்க்கு அது ஒரு வாயில். நம் பங்குகளில் அத்தகையோர் உண்டு. திருப்பலியிலும் விழாக்களிலும் நாம் அவர்களை மறந்துவிடுகிறோம். அவர்களுக்காக உரையாடலோடு, பின்னணியில் எழும் ஒலியையும் குறித்தல் வேண்டும். பசோலினி பாக்கின் இசையையும் காங்கோ நாட்டு ‘மிசா லூபா’வையும் பின்னணியில் வைத்திருக்கிறார். இசை எழுகிறது என்பதையேனும் அவர்கள் அறிய உரிமையுடையவர்கள். முன்னே மௌனத்தில் எழுதாதே என்றோம். இங்கே எழுதுக என்கிறோம். முரண் இல்லை. இரண்டு தேவைகளுக்கு இரண்டு தனிக்கோப்புகள் வைக்கலாம். வரியைப் படத்தோடு பொறிக்காததன் பயன் இங்கும் தெரிகிறது.

ஆனால் அந்தப் பாட்டி? அவருக்குச் செவி உண்டு, எழுத்து எட்டவில்லை. நாம் வாரக்கணக்கில் செதுக்கிய வரிகள் அவருக்குச் சுவரில் நெளியும் கோடுகள். அவருக்கு நற்செய்தியைத் தந்தவன் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேரன். பேசாப்படக் காலத்தில் நம் தமிழகக் கொட்டகைகளில் திரையருகே நின்று, எழுத்துப் பலகைகளை உரக்கப் படித்துக் கதை சொல்வோர் இருந்தனர். எழுத்தறியாத மக்கள் அவர் வாய்வழியே படம் பார்த்தனர். அம்மரபை அச்சிறுவன் அறியாமலே மீட்டெடுத்துவிட்டான். அவன் தாமதமாகப் படித்தது அவன் பிழையன்று. நாம் தாமதமாகக் கொடுத்தோம்.

இரண்டாம் முறை படத்தைத் திரையிட்டபோது அவனையே முன்னே அமர்த்தினோம். வரிகளை முன்னதாகவே அச்சிட்டுக் கொடுத்திருந்தோம். மறையுரைக்குமுன் வாசகம் வாசிப்பவர் போல அவன் நிதானமாகப் படித்தான். இத்தாலியக் குரலின் ஒலியைத் தாழ்த்தினோம். அது நடிகர் இராசோக்கியின் சொந்தக் குரலும் அன்று, சலேர்னோ என்னும் வேறொரு நடிகர் கொடுத்த இரவல் குரல் என்பதால் பெரிதாக வருந்தவில்லை. கல்வாரி வந்தது. பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சட்டமும் கடமையும்

இப்பணியில் இறங்கும் பங்கு நூலகங்களும் அன்பியங்களும் சட்டத்தையும் மறத்தலாகாது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் செய்த திருத்தம், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் எண்ணிம வடிவில் அல்லாத படியாக ஏற்கெனவே உள்ள படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு முறையில் சேமித்துவைக்க இடம் தருகிறது. உரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்பதை அதே திருத்தம் தண்டனைக்குரியதாக்குகிறது. சேமிப்பது வேறு, கூட்டம் கூட்டித் திரையிடுவது வேறு, படியெடுத்துப் பரப்புவது வேறு. ஒன்றுக்குக் கிடைத்த இசைவை மற்றொன்றுக்கு நீட்டலாகாது. சட்டம் அறிந்தவரைக் கேட்டுச் செய்வதே நன்று. பிறர் உழைப்பைத் திருடி அறம் போதிக்க இயலாது.

சேமித்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒன்று ஊரில் இருந்தால் மற்றொன்று வேறு ஊரில் இருக்கட்டும். புயல் இரண்டையும் ஒருசேர எடுத்துச் செல்லாது. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். வன்தட்டும் தட்டைப் போலவே அழியும் பொருள். ஓலையைப் பெயர்த்தெழுதியவன் தன் பேரனும் ஒருநாள் பெயர்த்தெழுத வேண்டும் என்பதை அறிந்தே எழுதினான்.

நண்பரின் அறுபது தட்டுகளில் இதுவரை நாம் மாற்றி முடித்தவை பதினான்கு. அவற்றுள் தமிழ் வரி அமைந்தது மூன்றுக்கே. மாற்றுவதற்கு ஒரு மாலை போதும். வரி அமைக்க ஒரு தவக்காலம் வேண்டும். இந்த வேகத்தில் பணி நம் காலத்தில் முடியாது என்று நண்பர் கவலைப்படுகிறார். நமக்கு அக்கவலை இல்லை. பிலாத்து பிலாத்தின் இடத்திலும், ஆண்டவர் சிலுவையின் அமைதியிலும் நிற்கும்படி ஒரே ஒரு படத்தையேனும் ஒழுங்காகக் கொடுத்துவிட்டோம். எஞ்சியதை அந்த எட்டாம் வகுப்புச் சிறுவன் பார்த்துக்கொள்வான். அடுத்த படத்தின் வரிகளில் நான்கு எழுத்துப்பிழைகளை அவன் ஏற்கெனவே கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறான்.